வராத தண்ணீரால் வந்த அரிப்பு

சாவியக்காவின் கையில் இருக்கும் சாவியைப் பார்த்தால் அது சாவி என்று யாருக்கும் தோன்றாது. ஐந்தடி நீள இரும்புத் தண்டு. மேலே இரண்டு கையாலும் பிடித்துத் திருகுவதற்கு ஒரு குறுக்குக் கம்பி, கீழே சதுரமாக ஒரு வாய். தெருவில் பதித்த இரும்பு மூடியைத் தூக்கினால் உள்ளே இடுப்பளவு ஆழத்தில் தண்ணீர்க் குழாயின் வால்வு இருக்கும். அதன் தலையில் இந்த வாயைப் பொருத்தி, மேலே நின்றபடி திருக வேண்டும். இருபத்திரண்டு சுற்று திருகினால் கீழ்த் தெருக்கள் நான்குக்கும் தண்ணீர் போகும். காலை ஐந்தரைக்குத் திறப்பு, எட்டு மணிக்கு மூடல். பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் சுற்றை எண்ணாமல் திருகியதில்லை.

வேலை அவள் புருஷன் பார்த்தது. மனுஷன் நெஞ்சுவலியில் பொசுக்கென்று போய்விட, குடும்பத்தில் ஒருவருக்கு வேலை என்ற விதிப்படி அவளுக்குக் கிடைத்தது. கொடுத்த அன்றே நகரசபை ஆபீஸில் கேலி. "இது ஆம்பளைங்க வேலைம்மா. பேசாம உள்ள ஃபைல் எடுத்துக் குடுக்கிற வேலையைக் கேளு" என்றார் அப்போதிருந்த மேஸ்திரி. "தண்ணி திறக்கிறதுக்கு மீசை எதுக்குங்க?" என்று கேட்டுவிட்டு, அவர் கண்ணெதிரிலேயே இருபத்திரண்டு சுற்றையும் நிற்காமல் திருகிக் காட்டினாள். உள்ளங்கை இரண்டும் கொப்பளித்துப்போனது வேறு விஷயம், அதை யாருக்கும் காட்டவில்லை. அன்றிலிருந்து ஊருக்கு அவள் சாவியக்கா. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது.

அந்தச் சாவிகூட ஆபீஸ் சாவி இல்லை. ஆபீஸ் கொடுப்பது வால்வின் தலையில் வழுக்கும். இது அவள் புருஷன் பட்டறையில் அளவு சொல்லி, பக்கத்திலேயே நின்று அடித்து வாங்கியது. வேலை முடிந்ததும் வீட்டுக்குத் தூக்கிப்போய்க் கதவுக்குப் பின்னால் சாத்திவைப்பாள்.

வீடு என்றேனே, அது மேல் வரிசையில். கீழ்த் தெருக்கள் முடிகிற இடத்தில் தொண்ணூற்று நான்கு கல்படிகள் ஏறினால் முப்பத்திரண்டு வீடுகள். அதுதான் மேல் வரிசை. அங்கே குழாய் கிடையாது. பழைய தொட்டித் தண்ணீர் அவ்வளவு உயரம் ஏறாது. ஊருக்கே தண்ணீர் திறந்துவிடுகிறவள் தன் வீட்டுக்குத் தண்ணீரை இடுப்பில் சுமந்துகொண்டு ஏறினாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இருபத்தொரு வருஷமாக, நாளைக்கு ஆறு குடம். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல? வலது முழங்கால் ஐம்பதாவது படியிலேயே முனக ஆரம்பித்துவிடும். "சும்மா கெட, இன்னும் நாப்பத்தி நாலுதான்" என்று காலை அதட்டிக்கொண்டே ஏறுவாள்.

அதனால்தான் புதுக் குழாய்த் திட்டம் என்ற பேச்சு வந்தபோது அவள் அப்படித் துள்ளினாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் புதிதாகச் சுத்திகரிப்பு நிலையம், பெரிய பம்பு, கீழ்த் தெருக்களுக்கும் போய் அப்படியே படியோரமாக மேல் வரிசைக்கும் ஏறுகிற குழாய். பள்ளம் தோண்டிய நாளெல்லாம் வேலை முடிந்ததும் அங்கேயே போய் நின்றாள். ஒவ்வொரு இணைப்பையும் எண்ணினாள். புது வால்வுக்கு முப்பத்தொரு சுற்று என்று போட்டவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொண்டாள். ஒருமுறை தண்ணீர் விட்டுச் சோதித்துப் பார்த்து, அதை வடித்தும் விட்டார்கள். திறப்பு விழா ஒன்றாம் தேதி என்று அழைப்பிதழ் அடித்தாகிவிட்டது.

விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் பம்பின் தண்டு முறிந்தது.

இன்ஜினியர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேஜை மேல் மூன்று பேனாவை வரிசையாக வைத்து, பேசும்போது அவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே இருப்பது அவர் வழக்கம்.

"இங்க பாரும்மா. உதிரி பாகம் வெளியூர்லேர்ந்து வரணும். பத்து நாள் ஆகும். நகரசபைத் தலைவர் வராரு, மேடை போட்டாச்சு, விழாவை நிறுத்த முடியாது. அவரு மேடையில பித்தளைச் சக்கரத்தைச் சுத்துவாரு. அந்த நேரம் நீ போய்ப் பழைய வால்வைத் திறந்துவிடு. குழாய்ல தண்ணி வந்தா சரி. எந்தத் தண்ணின்னு எவனுக்குத் தெரியும்?"

"மேல் வரிசைக்குங்க?"

"அது ரெண்டாம் கட்டம்னு சொல்லிடறேன். பம்பு சரியானதும் உங்களுக்கும் வந்துடும். ஆனா நீ வாயத் திறந்தேன்னு வை, விஷயம் பெருசாகி மொத்தத் திட்டமும் போயிடும். அப்புறம் உன் இஷ்டம்."

அவள் வாயை மூடிக்கொண்டாள். மேல் வரிசைக்காக மூடிக்கொண்டாள் என்று சொன்னால் உண்மைதான். ஆனாலும் மூடிக்கொண்டாள். ஒன்றாம் தேதி காலைத் தண்ணீரை நிறுத்திவைத்து, பத்து மணிக்குத் தலைவர் எதற்கும் பொருத்தப்படாத சக்கரத்தைச் சுற்ற, இரண்டு தெரு தள்ளி இவள் பழைய வால்வை இருபத்திரண்டு சுற்று திறந்தாள். கைதட்டல் அங்கே வரைக்கும் கேட்டது. அன்றைய தேதி பொறித்த பளிங்குக் கல்வெட்டையும் முச்சந்தியில் வைத்துவிட்டார்கள்.

ஒரு காரியத்தில் மட்டும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. எந்த வால்வு, எத்தனை சுற்று, எத்தனை மணிக்கு என்று தினமும் எழுதும் திறப்புப் பதிவேடு அவள் பொறுப்பில் இருந்தது. "இன்னிலேர்ந்து புது லைன்னு எழுது" என்றார் இன்ஜினியர். தலையாட்டிவிட்டு வந்து, தன் கோணல் எழுத்தில் எழுதினாள்: பழைய தொட்டி, 22 சுற்று. மறுநாளும் அதையே எழுதினாள். வாய்தான் அடங்கியிருந்தது. கை அடங்கவில்லை. இன்ஜினியர் என்றைக்குப் பதிவேட்டைத் திறந்து பார்த்தார், இதைக் கண்டுபிடிக்க?

மூன்றாம் நாள் ஆரம்பித்தது.

முச்சந்தியில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவருக்கு ஊரார் வைத்த பெயர் ரேடியோ. கத்தரி நின்றாலும் வாய் நிற்காது. அவர்தான் முதலில் சொன்னார், புதுத் தண்ணீர் வந்ததிலிருந்து கடையில் கூட்டி அள்ளுகிற முடி இரண்டு மடங்காகிவிட்டது என்று. கடைக்கு வருகிறவர்கள் இரண்டு மடங்காகியிருந்தார்கள் என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. பள்ளிக்கூட விடுமுறை விட்டிருந்தது, பிள்ளைகளையெல்லாம் அப்போதுதான் இழுத்துக்கொண்டு வருவார்கள். ஐந்தாம் நாள் டீக்கடையில் பால் திரிந்தது. ஆறாம் நாள் தையல்கடை அம்மாவின் கண்ணாடித் தொட்டியில் தங்கமீன் செத்து மிதந்தது. பிறகு கேட்க வேண்டுமா? ஒருவருக்குத் தொண்டை கட்டியது, ஒருவருக்குத் தூக்கம் போனது, இன்னொருவருக்கு நகம் மஞ்சளானது. தண்ணீரில் மீன் வாடை அடிக்கிறது என்று நாலு தெருவும் ஒரே குரலில் சத்தியம் செய்தது. எல்லோருக்கும் பொதுவாக ஒரு அரிப்பு. ரேடியோ ஒரு நோட்டுப் போட்டு எல்லாவற்றையும் எழுத ஆரம்பித்தார். பத்தாம் நாள் நாற்பத்து மூன்று புகார்கள் சேர்ந்திருந்தன.

நாலு தெருவும் குடித்துக்கொண்டிருந்தது வருஷக்கணக்காகக் குடித்த அதே தண்ணீரை. அதே தொட்டி, அதே குழாய், அதே இருபத்திரண்டு சுற்று. திருகுகிறவளும் அவளேதான். சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா?

கடைப்பக்கம் போனபோது ரேடியோ அவளைக் கைதட்டிக் கூப்பிட்டார். கண்ணாடிக்கு முன்னால் இரண்டு பாட்டில்கள்.

"அக்கா, இது போன மாசம் பிடிச்சு வெச்ச பழைய தண்ணி. இது இன்னிக்குப் பிடிச்ச புதுத் தண்ணி. வெளிச்சத்துல தூக்கிப் பாருங்க. நிறத்துலயே தெரியுதா இல்லியா?"

சாவியக்கா தூக்கிப் பார்த்தாள். ஒன்றில் கொஞ்சம் சோப்பு நுரை ஒட்டியிருந்தது. அவ்வளவுதான்.

"தண்ணியில எந்த வித்தியாசமும் தெரியலியே தம்பி. வேற ஏதாவது காரணம் இருக்கப்போவுது."

"நீங்க ஆபீஸ் ஆளு, அப்படித்தான் சொல்வீங்க!" என்றார் ரேடியோ. பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாலு பேரும் சிரித்தார்கள். ஒருவர் சிரித்துக்கொண்டே முழங்கையைச் சொறிந்தார். "வர்ற ஞாயித்துக்கிழமை தெரு நலச் சங்கத்துல கூட்டம். புதுக் குழாயை நிரந்தரமா மூடணும்னு மனு. இன்ஜினியர் சாரே நேர்ல வந்து வாங்கிக்கிறேன்னுட்டாரு."

சாவியக்கா நேராக இன்ஜினியரிடம் போனாள்.

"சார், உதிரி பாகம் இன்னும் வரல, பரவால்ல. உண்மையைச் சொல்லிடுங்க. இல்லன்னா குழாயை மூடிடுவாங்க."

இன்ஜினியர் ஒரு பேனாவைத் தள்ளினார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "மூடட்டுமேம்மா. மக்களே வேண்டாம்னு எழுதிக் குடுத்தா நமக்கு என்ன? திட்டம் ரத்து. பம்பு உடைஞ்ச விஷயமும் அதோட போச்சு. உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

"அப்ப மேல் வரிசை?"

"இத்தனை வருஷம் ஏறி இறங்கினவங்கதானே? பழகிப்போயிருக்கும்."

பழகிப்போயிருக்குமாம்! அந்த வார்த்தை அவள் முழங்காலுக்குள் போய்க் குத்தியது. வெளியே வந்தாள். உண்மையைச் சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் குழாய் போகும், முப்பத்திரண்டு வீட்டுப் பெண்களும் சாகிறவரை குடம் தூக்க வேண்டும். சனிக்கிழமை வரை இதையே மென்றுகொண்டிருந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் நாத்தனார் வீட்டுக்குப் போனாள். புருஷனின் ஒரே தங்கை, கீழே இரண்டாம் தெருவில் இருந்தாள். சாவியக்காவுக்கு அவள் பெற்ற பெண்ணைப் போல. கதவைத் திறந்தவள் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தாள். உள்ளே ஏழு வயது மகள் தரையில் உட்கார்ந்து இரண்டு கையையும் தொடையில் தேய்த்துக்கொண்டிருந்தாள். சாவியக்கா பிடித்துப் பார்த்தாள். விரல் இடுக்கெல்லாம் பொரிப்பொரியாகப் புண், சொறிந்து சொறிந்து ரத்தம் கசிந்திருந்தது.

"எத்தனை நாளாடி இப்படி?"

"ரெண்டு வாரமாச்சு அண்ணி. ராத்திரி பூரா தூங்க மாட்டேங்குறா. எல்லாம் அந்தப் புதுத் தண்ணி செய்யற வேலை."

"டாக்டர்கிட்டக் காட்டினியா?"

"எதுக்கு? நாளைக்கு மனு குடுத்துத் தண்ணிய நிறுத்திட்டாங்கன்னா தானா சரியாயிடும். ரேடியோ அண்ணன்தான் சொன்னாரு, மருந்து போட்டா அரிப்பு உள்ள போயிடுமாம்." நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்கண்ணன் மட்டும் இருந்திருந்தா இப்படி ஒரு தண்ணிய ஊருக்குள்ள விட்டிருக்குமா?"

சாவியக்கா குழந்தையின் கையை விடவில்லை. "அத்தை, எரியுது" என்றது குழந்தை. அவளுக்கு உச்சந்தலையிலிருந்து கோபம் இறங்கியது. ரேடியோ மேல் கோபம், இன்ஜினியர் மேல் கோபம், எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் மேலேயே கோபம். பொய்யான காரணம் ஒன்று கையில் கிடைத்துவிட்டால் உண்மையான காரணத்தை யாரும் தேடமாட்டார்கள் என்பது அந்தச் சின்ன விரல்களைப் பார்த்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. அடைப்பு ஒரு தெருவில் இருக்க, இன்னொரு தெருவைத் தோண்டிக்கொண்டிருக்கிற கதை. அவள் வாயை மூடிக்கொண்டிருந்த நாளெல்லாம் இந்தக் குழந்தை சொறிந்துகொண்டிருந்திருக்கிறது.

"நாளைக்குக் கூட்டத்துக்குக் கொழந்தையையும் கூட்டிட்டு வா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சங்கக் கட்டடத்தில் நிற்க இடமில்லை. கட்டடம் படிகளின் அடிவாரத்தில் இருந்தது. மேடையில் இன்ஜினியர், பக்கத்தில் நோட்டுடன் ரேடியோ. நாற்பத்து மூன்று புகாரையும் அவர் ஏற்ற இறக்கத்தோடு வாசித்து முடித்தபோது கூட்டம் கொதித்துக்கொண்டிருந்தது. கையெழுத்துப் போட ஆட்கள் முண்டியடித்தார்கள். அப்போது கடைசியிலிருந்து சாவியக்கா வந்தாள். ஒரு கையில் ஐந்தடிச் சாவி, ஒரு கையில் பதிவேடு, இடுப்பில் சொருகிய பெரிய ஸ்பேனர்.

"நான் ஒண்ணு சொல்லணும்."

இன்ஜினியரின் முகம் மாறியது. "அந்தம்மா கீழ்நிலை ஊழியர். இங்க பேச அவங்களுக்கு அனுமதி கிடையாது."

"அனுமதி கேக்கல சார். சொல்லணும்னேன்." அவள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "நீங்க இத்தனை நாளும் குடிச்சது புதுத் தண்ணியே இல்ல. பழைய தொட்டித் தண்ணி. புது வால்வை நான் இன்னும் திறக்கவே இல்ல. பம்பு உடைஞ்சு கெடக்கு. அன்னிக்கு மேடையில சுத்தினது வெறும் சக்கரம். நான்தான் அந்தப் பக்கம் போய்ப் பழைய வால்வைத் திறந்தேன். இந்தாங்க பதிவேடு. ஒண்ணாம் தேதியிலேர்ந்து என் கையெழுத்துதான்."

ஒரே இரைச்சல். யார் நம்புவார்கள்? "ஆபீஸ்காரங்க கதை கட்டுறாங்க!" "எங்க காதுல பூச்சுத்தப் பாக்குறியா?" "மேல் வரிசைக்குத் தண்ணி வேணும்னு பொய் சொல்றா!" ரேடியோ நோட்டைத் தூக்கி ஆட்டினார். "நாப்பத்தி மூணு பேர் பொய் சொல்றாங்களா? எங்க உடம்பு பொய் சொல்லுதா?"

"பதிவேட்டை நம்ப வேணாம். என்னையும் நம்ப வேணாம்" என்றாள் சாவியக்கா. "எல்லாரும் வெளிய வாங்க. கண்ணால பாருங்க."

கட்டடத்துக்கு வெளியே, படியோரத்தில், புதுக் குழாயில் ஒரு பூட்டிய மூடி இருந்தது. குழாயைக் கழுவிவிட வேண்டுமென்றால் திறப்பதற்கு. எட்டு போல்ட்டுகள். அவள் மண்டி போட்டு உட்கார்ந்தாள், வலது முழங்கால் வீறிட்டது. "புதுத் தண்ணி இதுக்குள்ளதானே ஓடுது? திறந்தேன்னா பீச்சியடிக்கும். கிட்ட வந்து நில்லுங்க."

கூட்டம் மொத்தமும் பத்தடி பின்னால் போனது. பெண்கள் குழந்தைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்கள். ஒருவர் குடையை விரித்தார்.

ஆறு போல்ட் சுலபமாகக் கழன்றது. ஏழாவது அசையவில்லை. ஸ்பேனரில் தொங்கினாள், அசையவில்லை. பின்னால் கிண்டல் ஆரம்பித்தது. "எண்ணெய் இருந்தாக் குடுங்கப்பா" என்று கத்தினாள். பக்கத்தில் கடை வைத்திருப்பவர் ரேடியோ ஒருவர்தான். முறைத்துக்கொண்டே போய், தலைக்குத் தேய்க்கும் எண்ணெய்ப் புட்டியை எடுத்துவந்து நீட்டினார். பூ வாசனை கமகமத்தது. போல்ட் கிறீச்சிட்டுக் கழன்றது. எட்டாவதும் வந்தது. மூடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

ஒரு சொட்டு வரவில்லை. பொலபொலவென்று சாம்பல் நிறத் தூசி கொட்டியது. ஒரு சிலந்தி அவசரமாக வெளியே வந்து, இவ்வளவு கூட்டத்தைப் பார்த்துத் திரும்ப உள்ளே ஓடியது. சாவியக்கா தோள் வரைக்கும் கையை விட்டுத் துழாவினாள். வெளியே எடுத்தபோது கையில் ஒட்டடையும், காய்ந்த இலைச் சருகும், குழாய் போட்ட தொழிலாளி யாரோ விட்டுப்போன ஒரு துணிக் கையுறையும். கையுறை அப்பளமாகக் காய்ந்திருந்தது. அவள் அதை எல்லோருக்கும் தெரிகிற மாதிரித் தூக்கிப் பிடித்து உதறினாள். தூசி இன்ஜினியரின் வெள்ளைச் சட்டை வரை பறந்தது.

"இதுதான் உங்களுக்கு அரிப்பு குடுத்த தண்ணி. நல்லாப் பாத்துக்குங்க."

இன்ஜினியர் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார். ரேடியோ கிட்ட வந்து, குழாய்க்குள் விரலை விட்டு, விரலைப் பார்த்தார். மறுபடி விட்டார். மறுபடி பார்த்தார். அவருக்குப் பேச்சு வராமல் நின்றதை அந்த ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது.

"அப்ப எங்களை ஏமாத்தினீங்களா?" என்றார் கடைசியில்.

"ஆமா. ஏமாத்தினோம். நானும் சேர்ந்துதான். அதுக்கு என்ன திட்டணுமோ திட்டுங்க, கேட்டுக்கறேன். ஆனா நான் செஞ்ச தப்புக்காக நீங்க சொல்ற பொய்யை நெசம்னு ஒத்துக்க மாட்டேன்."

"நான் சொறிஞ்சது பொய்யா?"

"சொறிஞ்சது நெசம். முடி கொட்டினது நெசம். மீன் செத்தது நெசம். காரணம்தான் பொய். தண்ணி மேல பழியைப் போட்டுட்டு எல்லாரும் நிம்மதியா உக்காந்துட்டீங்க. நெசக் காரணம் ஒண்ணு எங்கயோ இருக்கே, அதை யாரு தேடறது?" அவள் நாத்தனாரைப் பார்த்தாள். "கொழந்தை கையைப் பாரு. ரெண்டு வாரம்! இன்னிக்கே கூட்டிட்டுப் போ."

நாத்தனார் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தாள். தையல்கடை அம்மா மெதுவாகச் சொன்னாள்: "மீனு... என் பேரன் லீவுல வந்திருந்தான். நாளைக்கு எட்டு தடவை தீனி போட்டான். நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்." யாரோ சிரித்தார்கள். அதன் பிறகு அடக்க முடியவில்லை.

சிரித்தார்கள் என்பதற்காக அவளை மன்னித்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். முட்டாளாக்கப்பட்டவர்களுக்கு முட்டாளாக்கியவன் மேல் வருகிற கோபத்தைவிட, அதை எடுத்துச் சொன்னவள் மேல் வருகிற கோபம் அதிகம். பாதிப் பேர் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. ஆனால் அந்த மனுவைக் கிழித்து, பம்பைப் பதினைந்து நாளில் சரி செய்ய வேண்டும் என்று வேறு மனு எழுதி, அதே ஆட்கள் கையெழுத்துப் போட்டார்கள். வெறும் சக்கரத்தைச் சுற்ற வைத்தார்கள் என்று தெரிந்த நகரசபைத் தலைவர் ஆபீஸில் வந்து குதித்த குதியில் உதிரி பாகம் தானாக நகர ஆரம்பித்தது.

குழந்தைக்கு வந்தது சொறிப்பூச்சி. வீட்டில் எல்லோருக்கும் களிம்பு கொடுத்து, துணியையெல்லாம் கொதிக்கும் தண்ணீரில் போட்டு அலசச் சொன்னார் டாக்டர். அந்தத் தெருவிலேயே ஆறு வீட்டில் அது இருந்தது. பத்தாம் நாள் குழந்தை விடிகிறவரை தூங்கியது. நாத்தனார் தொண்ணூற்று நான்கு படியும் ஏறி வந்து, "அண்ணி" என்று ஒரு வார்த்தை சொல்லி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டுப் போனாள்.

சாவியக்காவுக்கு ஆபீஸிலிருந்து வந்தது பணியிடைநீக்கக் கடிதம். தற்காலிகமாம், மறு உத்தரவு வரும்வரையாம். அலுவலக ரகசியத்தை வெளியிட்டதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். அவள் ஒரே வரியில் எழுதிக் கொடுத்தாள்: "நான் திறக்காத வால்வைத் திறந்தேன் என்று இனிமேல் சொல்ல மாட்டேன்."

இதற்கு நடுவில் ரேடியோ மறுபடி ஒலிபரப்பைத் தொடங்கியிருந்தார். இப்போது அவர் சாவியக்கா கட்சி. குழாய்க்குள்ளிருந்து ஒரு முழு சட்டையும் பேன்ட்டும் வந்தது, ஐந்தடிப் பாம்பு வந்தது, அக்கா அதைச் சாவியால் ஒரே போடு போட்டாள் என்று கடையில் கதை ஓடியது. கேள்விப்பட்டதும் அவள் படியிறங்கிப் போனாள்.

"தம்பி, பாம்பு எங்கேர்ந்து வந்துச்சு?"

"உங்களுக்குப் பெருமைதானே அக்கா? இருந்துட்டுப் போகட்டும்!"

"எனக்கு அந்தப் பெருமை வேணாம். கையுறை. ஒரே ஒரு கையுறை. எடது கை. அதைத் தவிர வேற எதையாவது சொன்னேன்னு வை, அந்த எண்ணெய்ப் புட்டியை உன் தலையிலயே கவுத்துடுவேன்."

நாற்காலியில் பாதி முடி வெட்டிய நிலையில் இருந்தவர் சிரித்த சிரிப்பில் காது வெட்டுப்படப் பார்த்தது. ரேடியோ கன்னத்தில் போட்டுக்கொண்டார். பாம்பு அத்தோடு செத்தது.

பம்பு சரியானது கூட்டம் நடந்த பத்தொன்பதாம் நாள். இந்தத் தடவை மேடை இல்லை. வேறொரு ஆளை ஆபீஸ் சாவியோடு அனுப்பியிருந்தார்கள். புது வால்வு இறுக்கம், சாவி வழுக்கியது. இரண்டு பேர் சேர்ந்து திருகியும் வழுக்கியது. ஒரு மணி நேரம் கழித்து அந்த ஆள் மூச்சு வாங்கிக்கொண்டு மேல் வரிசைக்கு ஏறி வந்தான்.

"அக்கா, இன்ஜினியர் சார் சாவியை வாங்கிட்டு வரச் சொன்னாரு."

"அது ஆபீஸ் சாவி இல்லப்பா. என் வீட்டுக்காரர் செஞ்சது. தனியா எங்கயும் போகாது" என்றாள் சாவியக்கா. "நான் வந்தாத்தான் அது வரும்."

போனாள். இன்ஜினியர் எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். அவள் மூடியைத் தூக்கி, சாவியை இறக்கி, காலை அகட்டி நின்று திருகினாள். ஒவ்வொரு சுற்றையும் சத்தமாக எண்ணினாள். முப்பத்தொன்று என்றதும் பாதத்துக்கு அடியில் மண் அதிர்ந்தது. குழாய்க்குள் தண்ணீர் ஓடுகிற சத்தம் அவளுக்குத் தெரியும்.

"பதிவேட்டைக் குடுங்க சார்."

"நீ சஸ்பென்ஷன்ல இருக்க..."

"திறந்தது நான். எழுதறதும் நான்தான்."

கொடுத்தார். அவள் தேதியைப் போட்டு எழுதினாள்: புதுக் குழாய், 31 சுற்று, முதல் முறை. முதல் முறை என்பதற்குக் கீழே அழுத்தி ஒரு கோடு போட்டாள்.

"முதல் முறைன்னு எதுக்கும்மா எழுதற? அங்க கல்வெட்டுல வேற தேதி இருக்கே."

"கல்வெட்டு நீங்க வெச்சது. அதை நீங்க பாத்துக்குங்க."

சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு படி ஏறினாள். இருபத்தொரு வருஷத்தில் அவ்வளவு பெரிய கூட்டம் மேலே நின்று அவளை எதிர்பார்த்ததில்லை. முப்பத்திரண்டு வீட்டு ஆட்களும் இருந்தார்கள், நாத்தனாரும் குழந்தையும் இருந்தார்கள், ரேடியோகூடக் கடையைப் பூட்டிவிட்டு ஏறி வந்திருந்தார். அவளுக்கு முன்னால் தண்ணீர் மேலே போய்ச் சேர்ந்துவிட்டது. முதலில் பழுப்பாக வந்து, பிறகு தெளிந்து, குழாயிலிருந்து சும்மா கொட்டிக்கொண்டிருந்தது. யாரும் இன்னும் வாயில் வைக்கவில்லை. குழந்தை ஆறிய விரல்களால் ஒரு டம்ளரை நிரப்பி அவளிடம் நீட்டியது.

"எப்படி இருக்கு அக்கா?" என்றார் ரேடியோ, மூச்சைப் பிடித்துக்கொண்டு.

எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள். அமிர்தம் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அப்படியே நம்பத் தயாராக நின்றார்கள். சாவியக்கா டம்ளரை முழுசாகக் குடித்தாள். நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது, அதைத் துடைக்கவில்லை.

"லேசா இரும்பு வாடை அடிக்குது. புதுக் குழாய்ல அப்படித்தான். ரெண்டு நாள்ல போயிடும்" என்றாள்.